மருத்துவமனை நிர்வாகம் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்தவர்கள், டிகிரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், ஏற்கெனவே வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் எல்லோரும் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

மருத்துவமனை நிர்வாகி உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

வைத்தியம் பார்ப்பது டாக்டரும் நர்ஸும். அந்த வைத்தியம் நடப்பதற்குக் கட்டில் காலியாக இருக்க வேண்டும், தையல் நூல் ஸ்டோரில் இருக்க வேண்டும், ஆக்சிஜன் அழுத்தம் குறையக் கூடாது, இரவு ஷிப்டுக்குப் போதுமான நர்ஸ் வந்திருக்க வேண்டும், ஸ்கேன் அறையின் லைசென்ஸ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முதல் இரண்டு மூன்று வருடம் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் பதவி எதுவும் கிடைக்காது. ஃப்ளோர் மேனேஜர், ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ், குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ், இன்சூரன்ஸ் டெஸ்க், பில்லிங், பர்ச்சேஸ், எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேட்டுத் துறை) என்றுதான் தொடக்கம் இருக்கும். நாள் முழுக்க நடக்கவும், கோபத்தில் இருக்கும் அட்டெண்டரிடம் (நோயாளியோடு வந்திருக்கும் உறவினரிடம்) நிதானமாகப் பேசவும் முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

பி.பி.ஏ., பி.எஸ்சி., எம்.பி.ஏ., எம்.எச்.ஏ. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பி.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகமும் பி.எஸ்சி. மருத்துவமனை நிர்வாகமும் பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருடம். எம்.பி.ஏ.வில் மருத்துவமனை மேலாண்மை என்பது ஒரு சிறப்புப் பாடம். முதல் வருடம் மற்ற எம்.பி.ஏ. மாணவர்களோடு கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம் படிப்பீர்கள், இரண்டாம் வருடம்தான் மருத்துவமனைப் பாடங்கள் வரும். எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) முதல் நாளிலிருந்தே மருத்துவமனையைச் சுற்றியே போகும்: மருத்துவச் சொற்கள், நோய்ப் பரவலியல், உயிர்ப்புள்ளியியல், மருத்துவமனைத் திட்டமிடல், சட்டம், தரம், ஸ்டோர்.

எங்கள் கருத்தில், மருத்துவமனைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு எம்.எச்.ஏ. நல்லது. காப்பீட்டு நிறுவனம், மருத்துவக் கருவி விற்பனை, ஆலோசனை நிறுவனம் என்று கதவைத் திறந்து வைத்துக்கொள்ள விரும்பினால் எம்.பி.ஏ. மூன்று வருட இளநிலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பில்லிங், ஃப்ரண்ட் ஆஃபீஸ் அளவிலேயே பல வருடம் தங்கிவிடுவது உண்டு. ஆகவே பி.பி.ஏ. சேர்ந்தால் அடுத்த முதுநிலைப் படிப்பையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் மூன்று வருடப் படிப்பு. டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் படிக்கலாம்.

பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப் எடுத்திருக்க வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் காமர்ஸ் மாணவர்களையும் சேர்க்கிறார்கள். பயாலஜி படிக்காதவர்கள் முதல் செமஸ்டரில் மருத்துவச் சொற்களுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். காமர்ஸ் படித்தவர்களுக்கு அந்த அளவு உழைப்பு கணக்கியலில் மிச்சமாகும்.

நுழைவுத் தேர்வு உண்டா?

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வேண்டும். எம்.எச்.ஏ.வுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகமே தேர்வோ நேர்காணலோ வைத்துச் சேர்க்கிறது. நேர்காணலில் 'ஏன் இந்தப் படிப்பு?' என்பது நிச்சயம் வரும். 'சேவை செய்ய' என்ற பொதுப் பதிலைவிட, உங்கள் ஊர் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்குவதில் தொடங்கி மருந்து வாங்குவது வரை எங்கே கூட்டம் தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் அங்கீகாரம். பட்டம் கொடுப்பது யு.ஜி.சி. அங்கீகரித்த பல்கலைக்கழகமா? கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? இணைப்புக் கல்லூரியில் எம்.பி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி வேண்டும், 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ.வும் அதன் கீழ் வந்துவிட்டது. மாடியில் இரண்டு அறையை வைத்துக்கொண்டு 'மருத்துவமனை நிர்வாக டிப்ளமோ' கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு முதுநிலைப் படிப்புக்குப் போக முடியாது.

இரண்டாவது, பெரிய ஊர்ப் பெயரையும் கட்டடத்தையும்விட முக்கியமானது: கல்லூரிக்குப் பின்னால் நோயாளிகள் நடமாடும் மருத்துவமனை இருக்கிறதா? இந்தத் தொழிலை வகுப்பறையில் பாதிதான் கற்றுக்கொள்ள முடியும். சேர்வதற்கு முன் சீனியர் மாணவர்களைத் தனியாகப் பார்த்து இவற்றைக் கேளுங்கள். போஸ்டிங் (மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி) எத்தனை வாரம்? எந்தெந்தத் துறை? போஸ்டிங்கில் எச்.ஐ.எஸ். என்ற மருத்துவமனைத் தகவல் மென்பொருளுக்கு உங்களுக்கு லாகின் தருவார்களா, அல்லது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா? ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்), சி.எஸ்.எஸ்.டி. (கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் துறை), ஸ்டோர், எம்.ஆர்.டி., பயோமெடிக்கல் துறைகளுக்கு அனுப்புகிறார்களா, இல்லை இரண்டு மாதமும் ரிசப்ஷனிலேயே உட்கார வைத்துவிடுகிறார்களா? ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவர்களை வரவேற்பு மேஜையில் நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது. அங்கே இரண்டு வருடம் போனாலும் கற்பது குறைவு.

மூன்றாவது, பாடம் நடத்துபவர்களில் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் யோசியுங்கள்.

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று விளம்பரம் போட்டிருந்தால், கடந்த வருடம் எந்தப் பதவியில், எந்த ஊரில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்ற பட்டியலைக் கேளுங்கள். பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் போதும். கொடுக்கத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

எந்தப் பாடம் கஷ்டம்?

மாணவர்கள் பயப்படுவது சட்டத்துக்கு. உண்மையில் பலர் தடுமாறுவது எண்களில்தான். சூத்திரம் சின்னதுதான்; அதற்குள் எதைப் போடுவது என்பதில்தான் தவறு வரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 100 கட்டில் கொண்ட மருத்துவமனை, 30 நாள் மாதம். இருக்கக்கூடிய கட்டில் நாள் 3,000. தினமும் இரவு 12 மணிக்கு எடுத்த தலைக்கணக்கைக் கூட்டினால் 2,400 வருகிறது. அந்த மாதம் டிஸ்சார்ஜ் ஆனவர்களும் இறந்தவர்களும் சேர்த்து 600 பேர். கட்டில் நிரம்பிய விகிதம் 2,400 வகுத்தல் 3,000, அதாவது 80 சதவீதம். சராசரித் தங்கல் 2,400 வகுத்தல் 600, 4 நாள். ஒரு கட்டிலில் மாதத்துக்கு 6 நோயாளிகள். ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை கட்டில் சும்மா கிடப்பது 3,000-த்தில் 2,400 போக மீதி 600-ஐ 600-ஆல் வகுத்தால் 1 நாள்.

எங்கே தவறுகிறது? ஐ.சி.யு.வுக்கு மாறிய நோயாளியை வார்டும் எண்ணும், ஐ.சி.யு.வும் எண்ணும். தாயோடு இருக்கும் பச்சைக்குழந்தையின் தொட்டிலைக் கட்டில் எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். காலையில் வந்து மாலையில் போகும் டே கேர் நோயாளி நள்ளிரவுக் கணக்கில் வரவே மாட்டார். அதனால் டயாலிசிஸும் கீமோவும் அதிகம் செய்யும் மருத்துவமனை, தாளில் காலியாகத் தெரியும். 80 சதவீதம் என்று எழுதுவதற்கு முன் இந்த மூன்றையும் சரிபார்க்கப் பழகிவிட்டால் நீங்கள் பாதி நிர்வாகி. இன்னொன்று: 85 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். அவசரப் பிரிவில் வந்தவருக்குக் கட்டில் கிடைக்காமல் ட்ராலியில் காத்திருப்பது அங்கேதான் ஆரம்பிக்கும்.

செலவுக் கணக்கும் படிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. உதாரணத்துக்கு ஒரு ஆபரேஷன் தியேட்டருக்குச் சம்பளம், தேய்மானம், மின்சாரம், வாயு, ஸ்டெரிலைசேஷன் எல்லாம் சேர்த்து மாதம் 10 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். மாதம் 200 மணி நேரம் ஓடினால் மணிக்கு 5,000 ரூபாய். 125 மணி நேரம்தான் ஓடியது என்றால் 8,000. முதல் கேஸ் 8 மணிக்கு என்று எழுதிவிட்டு 8.50-க்குத் தொடங்குவதும், ஒரு கேஸ் முடிந்து அடுத்தது உள்ளே வர 45 நிமிடம் ஆவதும் அந்த 75 மணி நேரத்தைத் தின்றுவிடும். காரணம் பெரும்பாலும் சர்ஜன் இல்லை. ரத்தம் ரிசர்வ் ஆகவில்லை, சம்மதப் படிவத்தில் கையெழுத்து இல்லை, அனஸ்தீசியா ஃபிட்னஸ் முந்தின நாள் வாங்கவில்லை என்று ஒவ்வொன்றாக வரும்.

தியேட்டர் நேரத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1976-இல் மதுரையில் 11 கட்டிலோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுவார். தயார் செய்யும் வேலையைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் செய்கிறார்கள். டாக்டரின் நேரம் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குப் போகிறது. அவர்கள் 1992-இல் தொடங்கிய லைகோ என்ற பயிற்சி நிறுவனம் மற்ற கண் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் பயிற்சி கொடுக்கிறது.

நர்ஸ் டியூட்டி போடுவது இன்சார்ஜ் சிஸ்டர் வேலைதானே, நமக்கு எதற்கு?

பட்டியல் போடுவது அவர். எத்தனை பேர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கணக்குக் காட்டி ஆள் வாங்கித் தருவது நீங்கள். 30 கட்டில் வார்டு, ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் ஒரு ஷிப்டுக்கு 5 பேர், மூன்று ஷிப்டுக்கு 15 பேர். 15 பேரை மட்டும் வேலைக்கு எடுத்தால் முதல் வாரமே கவிழும். ஒருவருக்கு வருடத்தில் வாரம் ஒரு நாள் வீதம் 52 நாள் விடுப்பு, மற்ற விடுப்புகள் சுமார் 30 நாள் போக 283 நாள்தான் வேலை. 365-ஐ 283-ஆல் வகுத்தால் 1.29. ஆகவே 15-க்கு 19.35, அதாவது 20 பேர் வேண்டும். பிரசவ விடுப்பும் திடீர் ராஜினாமாவும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கு தெரியாத நிர்வாகம், இருப்பவர்களுக்கு டபுள் டியூட்டி போட்டு, அவர்களும் வேலையை விட்டுப் போக, மறுபடி டபுள் டியூட்டி போடும். இரவு மூன்று மணிக்கு மருந்து மாறிப்போவது அப்படிப்பட்ட வார்டில்தான் அதிகம்.

ஸ்டோர் பாடத்தில் என்ன கற்றுத் தருவார்கள்?

எதை, எப்போது, எவ்வளவு வாங்குவது. சலைன் பாட்டில் தினம் 60 செலவாகிறது, ஆர்டர் போட்டால் வந்துசேர 5 நாள், பாதுகாப்புக்கு 3 நாள் இருப்பு வேண்டும் என்றால், கையிருப்பு 480 ஆனதும் ஆர்டர் போட வேண்டும். பணமதிப்பை வைத்துப் பொருட்களை ஏ, பி, சி என்று பிரிப்பதும், உயிருக்கு அவசியமா என்பதை வைத்து வி, ஈ, டி என்று பிரிப்பதும் சேர்த்தே படிக்க வேண்டும். அட்ரினலின் ஊசி விலையில் கடைசி வரிசை, அவசியத்தில் முதல் வரிசை. பணத்தை மட்டும் பார்க்கும் பர்ச்சேஸ் ஆபீசர் அதைத் தீரவிட்டுவிடுவார்.

அரசுத் துறையில் மருந்து வாங்குவது எப்படி என்று படிக்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் அரிது. 1994-இல் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் கொள்முதல், தரப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். எது தேவை என்பதை அந்த மருத்துவமனையே முடிவு செய்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிராஜெக்ட்டுக்கு நல்ல பொருள்.

டிஸ்சார்ஜ் தாமதம் என்று எல்லா இடத்திலும் பேசுகிறார்களே, ஏன்?

டாக்டர் காலை ரவுண்ட்ஸில் 'இன்றைக்குப் போகலாம்' என்கிறார். நோயாளி வீட்டுக்குப் போன் போட்டுவிடுகிறார். மாலை ஐந்து மணிக்கும் அதே கட்டிலில் இருக்கிறார். இடையில் என்ன நடந்தது?

ரவுண்ட்ஸ் முடிந்து ஜூனியர் டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத உட்காரும்போது மணி பதினொன்று. ஒரு லேப் ரிசல்ட் வரவில்லை. சம்மரி டைப் ஆகி, சீனியர் டாக்டர் கையெழுத்துக்காக அவர் ஓ.பி. முடியும்வரை காத்திருக்கும். இதற்கிடையில் வார்டில் மிச்சமான மருந்தை ஃபார்மசிக்குத் திருப்ப வேண்டும். அது ஏறாமல் பில் முடியாது. பில் தயாரானால், இன்சூரன்ஸ் நோயாளி என்றால் இறுதி பில்லும் சம்மரியும் டி.பி.ஏ.வுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் இடைநிறுவனத்துக்கு) போக வேண்டும். அங்கிருந்து ஒரு க்வெரி வரும்: 'அனுமதியின்போது கொடுத்த நோயறிதலும் சம்மரியில் உள்ளதும் ஏன் வேறுபடுகிறது?' அதற்கு டாக்டர் விளக்கம் எழுத வேண்டும். டாக்டர் அப்போது தியேட்டரில் இருப்பார்.

2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் (நோயாளி பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும்) முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் இறுதி அனுமதியை மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். தாமதத்தால் கூடும் கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஓடத் தொடங்குவது நீங்கள் காகிதத்தை அனுப்பிய பிறகுதான். மருத்துவமனைக்குள்ளேயே ஐந்து மணி நேரம் போய்விட்டால் விதியால் பயனில்லை.

சரிசெய்யும் வழி முந்தின நாளிலேயே தொடங்க வேண்டும். நாளை யார் போவார்கள் என்ற பட்டியலை மாலையே வாங்குவது, சம்மரியின் வரைவை இரவு ஷிப்டில் முடிப்பது, மருந்துத் திருப்பலை அன்றே செய்வது, அட்வான்ஸ் போக மீதி எவ்வளவு வரும் என்று அட்டெண்டரிடம் முன்கூட்டிச் சொல்வது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் புரட்ட அந்தக் குடும்பத்துக்கு ஒரு இரவாவது வேண்டும்.

இதையே பிராஜெக்ட்டாக எடுக்கலாமா?

எடுக்கலாம், பலரும் எடுக்கிறார்கள். அதனாலேயே ஒழுங்காகச் செய்யுங்கள். குறைந்தது 100 டிஸ்சார்ஜுக்கு ஆறு நேரங்களைக் குறியுங்கள்: டாக்டர் சொன்னது, சம்மரி முடிந்தது, மருந்து திருப்பியது, பில் முடிந்தது, அனுமதி வந்தது அல்லது பணம் கட்டியது, கட்டிலை விட்டு எழுந்தது. பணம் கட்டுபவர், தனியார் இன்சூரன்ஸ், அரசுக் காப்பீடு என்று மூன்றாகப் பிரியுங்கள். கலந்துவிட்டால் எதுவும் தெரியாது. சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் காத்த ஒருவர் மொத்தச் சராசரியையும் இழுத்துவிடுவார். இடைநிலை அளவையும் (மீடியன்), பத்தில் ஒன்பது பேர் எத்தனை மணி நேரத்துக்குள் போனார்கள் என்பதையும் கொடுங்கள். நேரத்தை எச்.ஐ.எஸ்.ஸிலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாறுவீர்கள்: பில் 'முடிந்தது' என்று மென்பொருளில் தெரியும், நோயாளி இன்னும் கேட் பாஸுக்கு நின்றுகொண்டிருப்பார். ஒரு வாரமாவது வார்டில் கடிகாரத்தோடு நில்லுங்கள். நோயாளிகளின் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் அறிக்கையில் எழுதக் கூடாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியை முன்பே வாங்குங்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் தெரிய வேண்டும்?

வக்கீல் அளவுக்கு வேண்டாம். எந்தச் சட்டம் எந்த அறையைத் தொடுகிறது, எந்தத் தேதியில் என்ன அனுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழ்ப் பதிவுச் சான்று ஐந்து வருடத்துக்கு. ஸ்கேன் அறைக்குப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 1994: கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் படிவம் எஃப், மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால்கூட அதையே குற்றமாக எடுத்துக்கொண்டு வழக்குப் போட முடியும். 'எழுத மறந்துவிட்டோம்' என்பது எடுபடாது. எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம், பணியாளருக்குக் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ். இவை போக ஃபார்மசி, ரத்த வங்கி, தீயணைப்பு, லிஃப்ட், திரவ ஆக்சிஜன் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் காலாவதித் தேதியோடு எழுதி, 90 நாள் முன்பே நினைவூட்டல் வைப்பது நிர்வாகியின் அடிப்படை வேலை.

மருத்துவப் பதிவேடு: உள்நோயாளிப் பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. விபத்து, விஷம், தாக்குதல் போன்ற எம்.எல்.சி. (போலீஸ் விசாரணைக்கு வரக்கூடிய) கேஸ் ஷீட்டை வழக்கு முடியும்வரை தனியாகப் பூட்டி வையுங்கள்.

உயிரியல் மருத்துவக் கழிவு விதிகள் 2016-ஐ நேரில் வார்டில் போய்ப் பாருங்கள். மஞ்சள் பையில் ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் பாகம், காலாவதி மருந்து. சிவப்பில் டியூப், கதீட்டர், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச். வெள்ளைத் துளைபடாத டப்பாவில் ஊசியும் பிளேடும். நீலத்தில் கண்ணாடியும் உலோக இம்பிளாண்ட்டும். 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். சிவப்புப் பையில் ஊசி கிடந்தால் அதைத் தூக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்ணின் கையில்தான் குத்தும். அந்தப் பையை எடுத்து வைப்பவர் யார், அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

என்.ஏ.பி.எச். என்கிறார்களே, அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

உதவும். மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியம் அது. அதன் தரநிலைப் புத்தகத்தின் 2025-இல் வந்த ஆறாம் பதிப்பில் 10 அத்தியாயம், 100 தரநிலை, 639 அளவுகூறு (சரிபார்க்க வேண்டிய அம்சம்). முதல் ஐந்து அத்தியாயம் நோயாளியை ஒட்டியது, அடுத்த ஐந்து நிறுவனத்தை ஒட்டியது. சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் தரநிலைப் புத்தகத்தையே ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகு ஒரே ஒரு அளவுகூறை எடுத்துக்கொண்டு, உதாரணமாக ஆபத்து மிகுந்த மருந்துகளைத் தனியாக வைப்பது, உங்கள் போஸ்டிங் வார்டில் அது நடக்கிறதா என்று பாருங்கள். ஃபைலில் கொள்கை இருக்கும். அலமாரியில் பொட்டாசியம் குளோரைடு சாதாரண மருந்துகளோடு கலந்து கிடக்கும். அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் குவாலிட்டி துறையில் ஆள் எடுக்கிறார்கள்.

நான் செவிலியர். எனக்கு இந்தப் படிப்பு பயன்படுமா?

மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும். வார்டு தெரியும், மருந்து தெரியும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். எக்செல், கணக்கியல், அறிக்கை எழுதுவது மூன்றையும் சேர்த்துக்கொண்டால் தரக் கட்டுப்பாடு, நோய்த்தொற்றுத் தடுப்பு, நர்சிங் நிர்வாகம் என்று நேரடியாக நடுநிலைப் பதவிக்குப் போகலாம். மருந்தாளுநர், ஆய்வக டெக்னீஷியன்களுக்கும் இது பொருந்தும்.

அரசு வேலை கிடைக்குமா?

வெளிப்படையாகச் சொல்வது நல்லது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டீன், மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர், மாவட்ட அளவில் இணை இயக்குநர் ஆகிய எல்லாப் பதவியும் மருத்துவர்களுக்கு உரியவை. எம்.எச்.ஏ. மட்டும் வைத்திருப்பவர் அங்கே போக முடியாது. கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தப் பணி: தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் அறிவிக்கும் திட்ட, தர, தரவுப் பணிகள். இவற்றில் சிலவற்றுக்கு மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் போன்ற அடிப்படைப் பட்டமும் கேட்பார்கள். அறிவிப்பில் தகுதிப் பத்தியை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சார்ந்தும் வேலைகள் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும், முன் அனுமதியும் க்ளெய்மும் சரியாகப் போடத் தெரிந்த ஆள் எப்போதும் தேவை.

தொலைநிலைக் கல்வியில் படிக்கலாமா?

ஏற்கெனவே மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் என்றால் சரி. வெளியில் இருப்பவருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. போஸ்டிங் இல்லாமல் இந்தப் படிப்பில் பாதி போய்விடும். எதில் சேர்ந்தாலும், அந்த வருடம் அந்தப் பாடத்தை நடத்த யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதித்த பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

சம்பளம் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆஃபர் லெட்டரில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மாதம் 25,000 ரூபாய் சி.டி.சி., அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,500, கிராஜுவிட்டி ஒதுக்கீடு சுமார் 600 போனால் மொத்தச் சம்பளம் 22,900. அதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,500 போனால் கைக்கு வருவது 21,400 அளவில். ஹாஸ்டல், மெஸ், சீருடைப் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம், இரண்டு வருட பாண்ட் எழுத வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் பேசுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

முதல் வேலையில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தைவிட, எந்தத் துறையில் போடுகிறார்கள் என்பது முக்கியம். ஆபரேஷன்ஸ், குவாலிட்டி, ஃபைனான்ஸ் மூன்றில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

சீனியர் டாக்டர்கள் நம் பேச்சைக் கேட்பார்களா?

பதவியைக் காட்டினால் கேட்க மாட்டார்கள். எண்ணைக் காட்டினால் கேட்பார்கள். 'சார், நீங்க லேட்டா வர்றீங்க' என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. 'சார், போன மாசம் நம்ம தியேட்டர்ல முதல் கேஸ் 22 நாள்ல 15 நாள் லேட்; அதுல 9 நாள் பிளட் ரெடியா இல்லாததால. பிளட் பேங்க்ல நான் பேசறேன், முந்தின நாள் ரிக்வெஸ்ட் மட்டும் நாலு மணிக்குள்ள வந்தா போதும்' என்றால் அவரும் சேர்ந்து வேலை செய்வார். தனியாகப் பேசுங்கள், ரவுண்ட்ஸில் மற்றவர்கள் முன்னால் வேண்டாம். சிகிச்சை முடிவுகளில் தலையிடாதீர்கள். அது உங்கள் எல்லை இல்லை.

வெளிநாட்டில் மேற்படிப்பு?

அமெரிக்காவில் எம்.எச்.ஏ. படிக்க நினைத்தால் கல்லூரிக்கு சி.ஏ.எச்.எம்.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படிப்பு பொதுவாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராது. படிப்புக்குப் பின் வேலை பார்க்க 12 மாதம்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குங்கள். அங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தை நடத்த மாநில உரிமமும் வேண்டும். இந்தியாவில் மருத்துவமனை நிர்வாகிக்கு அப்படி ஓர் உரிமம் இல்லை.

போஸ்டிங் தொடங்கப்போகிறது. முதல் வாரம் என்ன செய்ய?

ஒரே ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை, எம்.ஆர்.டி. அனுமதியோடு, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படியுங்கள். ஒவ்வொரு தாளையும் யார் நிரப்பினார்கள், எந்தத் துறையிலிருந்து வந்தது, அதற்குப் பணம் பில்லில் எங்கே ஏறியது என்று கண்டுபிடியுங்கள். சம்மதப் படிவத்தில் நேரம் எழுதியிருக்கிறதா, அது ஆபரேஷனுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். போட்ட மருந்தும் பில்லில் ஏறிய மருந்தும் ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். பிறகு அந்தத் தாள்கள் பிறந்த ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து போய், அங்கே இருப்பவரிடம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, 'உங்களுக்கு இதில் எது நேரம் எடுக்கிறது?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வார்டில் சிஸ்டர்கள் மருந்து கொடுக்கும் நேரத்தில் மட்டும் கேட்கப் போகாதீர்கள்.